கையிலிருந்து கைக்கு வந்த இரைச்சல்: எக்ஸ்ட்ரீம் மெட்டல் பரவிய வரலாறு

எக்ஸ்ட்ரீம் மெட்டல் எண்டு சொன்ன உடனே நம்மட ஆக்கள் கேட்கிற கேள்வி ரெண்டு. ஒண்டு, "இதுல பாட்டு எங்க இருக்கு, சத்தம்தானே?" மற்றது, "இது சாத்தானிட இசை இல்லையா?" ரெண்டுக்கும் பதில் இருக்கு, பிறகு வாறன். அதுக்கு முதல் வரலாறு படிக்கிற ஒருத்தனுக்கு வர வேண்டிய மூன்றாவது கேள்வி ஒண்டு இருக்கு. வானொலி போடாத, தொலைக்காட்சி காட்டாத, பெரிய கம்பனிகள் தொடவே தயங்கிய ஒரு இசை, இங்கிலாந்திலிருந்து பிரேசிலுக்கும், நோர்வேக்கும், சிங்கப்பூருக்கும், கொழும்புக்கும், கடைசியில் கல்பிட்டி பஸ்ஸில் ஹெட்ஃபோனோட இருக்கிற ஒரு பொடியனுக்கும் எப்படி வந்து சேர்ந்தது?

விளம்பரம் இல்லை. விநியோகம் செய்ய ஆளில்லை. கடைகளும் அநேகமா இல்லை. இருந்தது ஒரு பழக்கம் மட்டும்தான்: தனக்குப் பிடிச்சதைப் பிரதி எடுத்து இன்னொருத்தனுக்குக் கொடுக்கிறது. அந்தப் பழக்கத்தின் கதைதான் இது.

விரல்நுனி போன தொழிலாளி

எல்லாரும் தொடங்கிற இடத்திலேயே நானும் தொடங்குறேன். பர்மிங்ஹாம், தொழிற்சாலைகளின் நகரம். டோனி அயோமி எண்ட 17 வயதுப் பையன் தகட்டு இரும்பு வேலை செய்யும் ஆலையில் வேலைக்குப் போனார். அங்கே ஒரு இயந்திரத்தில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் ரெண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடக்கை கித்தார்காரர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டியதே அந்தக் கைதான். பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை உருக்கி விரலுக்கு உறை செய்து போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும், சத்தம் கனமாகும். 1970 பெப்ரவரி 13 வெளிவந்த பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பத்தையும், சுருதி இன்னும் கீழே இறங்கிய 1971 ஆல்பம் 'மாஸ்டர் ஒஃப் ரியாலிட்டி'யையும் கேட்டால் அந்தக் கனம் விளங்கும்.

ஹெவி மெட்டல் அங்கிருந்து வளர்ந்தது. ஆனால் 'எக்ஸ்ட்ரீம்' எண்ட கிளை முளைத்தது 1980களின் தொடக்கத்தில்தான். நியூகாசலைச் சேர்ந்த வெனம் எண்ட மூன்று பேர் கொண்ட குழு 1981இல் 'வெல்கம் டு ஹெல்', 1982இல் 'பிளாக் மெட்டல்' எண்டு ரெண்டு ஆல்பம் போட்டது. ஒலிப்பதிவு கரடுமுரடு, வாசிப்பும் அவ்வளவு சுத்தமில்லை. ஆனால் அந்த முரட்டுத்தனத்தைக் கேட்ட ஆயிரக்கணக்கான பொடியன்களுக்கு ஒரு விசயம் விளங்கியது. இதை நாங்களும் செய்யலாம்!

சவர்க்காரம் பூசிய முத்திரை

கெசட் எண்ட சாமானை பிலிப்ஸ் கம்பனி 1963இல் அறிமுகப்படுத்தியது. 1980களில் ரெண்டு கெசட் போடுற ரெக்கோர்டர்கள் வீடுகளுக்கு வந்த பிறகு, யாரும் வீட்டிலேயே பிரதி எடுக்கலாம் எண்ட நிலை வந்தது. அதிலிருந்துதான் 'டேப் டிரேடிங்' எண்ட உலகளாவிய வலை பிறந்தது.

அது இயங்கிய விதம் இப்படி. உங்களிடம் இருக்கிற கெசட்டுகளின் பட்டியலைக் கையால எழுதுவீங்க. ஒரு சஞ்சிகையின் பின்பக்கத்தில் இருந்து ஒரு விலாசம் எடுத்து அவருக்கு அனுப்புவீங்க. அவர் தன் பட்டியலை அனுப்புவார். இருவரும் தெரிவு செய்து, பிரதி எடுத்து, தபாலில் போடுவீங்க. உறைக்குள்ள கெசட் மட்டும் வராது. வேற குழுக்களின் துண்டுப்பிரசுரங்களும் திணிச்சிருக்கும். அதை நீங்க அடுத்த உறைக்குள்ள திணிச்சு அடுத்த நாட்டுக்கு அனுப்புவீங்க. தபால் செலவைக் குறைக்க முத்திரையின் மேல் சவர்க்காரமோ பசையோ பூசி அனுப்புற வழக்கமும் இருந்தது. பெறுகிறவர் தண்ணியில் கழுவினால் தபால் கந்தோரின் மை போய்விடும், முத்திரையைத் திருப்பி அனுப்பலாம். சட்டப்படி தவறுதான். ஆனால் கையில் காசில்லாத பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டிய வலை அது.

ஒவ்வொரு பிரதியிலும் சத்தம் கொஞ்சம் மங்கும். பிரதியின் பிரதியின் பிரதி கேட்கிறவனுக்குப் பாட்டோடு சேர்ந்து ஒரு இரைச்சல் திரையும் வரும். பிற்காலத்தில் சில குழுக்கள் அந்த மங்கலையே வேண்டுமென்று தேடிப் போனதுக்கு, அவர்களின் காது அப்படிப் பழகியிருந்ததும் ஒரு காரணம் எண்டு நான் நினைக்கிறேன்.

இந்த வலை எவ்வளவு பலமானது எண்டதுக்கு மெட்டாலிகா ஒரு சாட்சி. 1982இல் அவர்கள் பதிந்த 'நோ லைஃப் டில் லெதர்' எண்ட டெமோ கெசட், கைமாறிக் கைமாறியே அவர்களின் பெயரைக் கொண்டு போனது. முதல் ஆல்பம் 1983 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன்பே பாட்டுகள் பல நாடுகளில் மனப்பாடம். இதே மெட்டாலிகா 2000ஆம் ஆண்டு நெப்ஸ்டர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. குற்றச்சாட்டு என்ன? தங்கள் பாட்டுகளை ரசிகர்கள் ஒருவருக்கொருவர் பிரதி எடுத்துக் கொடுக்கிறார்களாம். பிரதியால் வளர்ந்த குழுவே பிரதியை எதிர்த்து நீதிமன்றம் போன அந்த இடத்தில் வரலாறு கொஞ்சம் சிரிக்குது.

இத்தனை பெயர் எதற்கு?

புதுசா வாறவங்களுக்கு முதல் தலையிடி இந்தப் பெயர்கள்தான். திராஷ், டெத், பிளாக், டூம், கிரைண்ட்கோர், அதுக்குள்ள இன்னும் பத்துக் கிளை. வெளியிலிருந்து பார்த்தால் பெரியாக்களின் வெட்டி வேலை மாதிரித் தெரியும். ஆனால் கேட்டுப் பார்க்க வழியில்லாத காலத்தில், தபாலில் வரப்போற கெசட்டுக்குள்ள என்ன இருக்கு எண்டு ஒரு சொல்லில் சொல்ல வேண்டியிருந்தது. பெயர்கள் பெருகினதுக்கு அது ஒரு முக்கிய காரணம். மீன் வாங்கப் போற ஆளுக்கு 'மீன்' எண்டு சொன்னாப் போதுமா? சூடை எண்டும் பாரை எண்டும் சொன்னாத்தானே வேலை நடக்கும்.

சுருக்கமா சொல்றேன். திராஷ், வேகமும் கூர்மையான கித்தார் வெட்டும். டெத் மெட்டலில் குரல் அடித்தொண்டைக்கு இறங்கும், தந்தி இன்னும் தளரும், பாட்டின் அமைப்பு சிக்கலாகும். கலிபோர்னியாவின் பொசெஸ்ட் குழு 1985இல் 'செவன் சர்ச்சஸ்' ஆல்பம் போட்டது. அதில் 'டெத் மெட்டல்' எண்ட பெயரிலேயே ஒரு பாட்டு இருக்கு. புளோரிடாவில் சக் ஷுல்டினர் தொடங்கிய டெத் எண்ட குழு, டெமோ கெசட்டுகளாலேயே பேரெடுத்து 1987இல் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' ஆல்பத்துக்கு வந்தது. சுவீடன்காரர்கள் இதையே வேற ருசியில் செய்தார்கள். என்டூம்ட் குழுவின் 1990 ஆல்பம் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்'தில் கேட்கிற அந்த மரம் அறுக்கிற மெஷின் மாதிரியான கித்தார் ஒலி, பொஸ் கம்பனியின் எச்.எம்.-2 எண்ட மலிவான பெடலை முழுசாத் திருகி வைத்ததால் வந்தது.

கிரைண்ட்கோர், பங்க் இசையும் மெட்டலும் மோதிய இடம். நேபாம் டெத்தின் 1987 ஆல்பம் 'ஸ்கம்'மில் 'யூ சஃபர்' எண்ட பாட்டின் நீளம் 2 விநாடிக்கும் குறைவு. கின்னஸ் புத்தகத்தில் உலகின் மிகச் சிறிய பாட்டு எண்டு இடம்பிடித்தது அது. டூம் மெட்டல் இதற்கு நேரெதிர். சபாத்தின் மந்தத்தை இன்னும் மந்தமாக்கி, சோகத்தை இழுத்துப் பாடுகிற வகை. சுவீடனின் கேண்டில்மாஸ் 1986இல் போட்ட முதல் ஆல்பம் அதற்கு ஒரு தூண். பின்லாந்தின் தெர்கோதொன் 1994இல் அதையே மையித்து ஊர்வல வேகத்துக்கு இறக்கியது.

"சத்தம்தானே" எண்ட கேள்விக்கு என்ட பதில் இங்கே இருக்கு. வேகம், சுருதி, குரல், பதிவின் தரம், பாட்டின் நீளம் எண்டு ஒவ்வொன்றையும் எல்லை வரை தள்ளிப் பார்த்து, தள்ளின திசைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே இரைச்சல் எண்டு கேட்கிற காதுக்கு ரெண்டு கிழமை கொடுங்க, வித்தியாசம் தானாத் தெரியும்.

பெலோ ஹொரிசோன்டேயிலிருந்து ஒஸ்லோ வரை

இந்த வரலாற்றைப் பலர் இங்கிலாந்து, அமெரிக்கா, நோர்வே எண்டு வடக்கு நாடுகளின் கதையாச் சொல்லுவாங்க. அது பாதிதான் உண்மை.

பிரேசிலில் 1964 முதல் 1985 வரை இராணுவ ஆட்சி. அது முடியிற காலத்தில், பெலோ ஹொரிசோன்டே நகரத்தில் ஒரு கூட்டம் இளைஞர்கள் மலிவான வாத்தியங்களோடு இசை செய்தார்கள். 1984இல் செபுல்டூரா தொடங்கியது. கொகுமெலோ எண்ட ஒரு உள்ளூர் ரெக்கோர்ட் கடை தானே ஒரு வெளியீட்டு நிறுவனமாக மாறி அவர்களைப் பதிந்தது. அதே கடை 1987இல் வெளியிட்ட சர்கோஃபாகோ குழுவின் 'ஐ.என்.ஆர்.ஐ.' ஆல்பம் டேப் டிரேடர்கள் வழியா நோர்வே போய்ச் சேர்ந்தது. முகத்தில் சாயம், ஆணி பதிச்ச தோல் பட்டை, கட்டுக்கடங்காத டிரம்ஸ். பிற்பாடு நோர்வே பிளாக் மெட்டலின் அடையாளம் எண்டு உலகம் நினைச்ச பல விசயங்கள் அந்த உறைக்குள்ள ஏற்கெனவே இருந்தன.

நோர்வேயின் மேஹெம் குழு 1984இல் தொடங்கியது. அதன் கித்தார்காரர் யூரோனிமஸ் ஓயாமக் கடிதம் எழுதுகிற ஒரு டேப் டிரேடர். சுவீடனிலிருந்த ஒருவர் தபாலில் டெமோ அனுப்பித்தான் அந்தக் குழுவின் பாடகரானார். யூரோனிமஸ் நடத்திய சிறு நிறுவனம், சை எண்ட ஜப்பானியக் குழுவின் முதல் ஆல்பத்தை 1993இல் வெளியிட்டது. ஒஸ்லோவும் டோக்கியோவும் தபால்பெட்டியால் பக்கத்து வீடுகள் ஆன காலம்.

இதே கூட்டத்தின் இருண்ட பக்கத்தை மறைச்சுட்டுப் போக ஏலாது. 1992 ஜூன் 6 பெர்கன் நகரத்துக்குப் பக்கத்தில் ஃபான்டொஃப்ட் மரத்தேவாலயம் எரிக்கப்பட்டது. இன்னும் பல தேவாலயங்களும் எரிந்தன. 1993 ஓகஸ்ட் 10 யூரோனிமஸை பர்சும் இசைத்திட்டத்தின் வர்க் விகர்னெஸ் குத்திக் கொன்றார். நீதிமன்றம் அவருக்கு 21 வருடச் சிறை விதித்தது. அவர் பரப்பிய இனவாதக் கருத்துகள் பிளாக் மெட்டலின் ஒரு மூலையில் இன்னமும் உயிரோட இருக்கு. வழிபாட்டுத் தலங்கள் எரிஞ்சதைத் தன் கண்ணால் கண்ட ஒரு நாட்டில் இருந்துகொண்டு, இதை 'ரிபெல்' எண்டு கொண்டாட எனக்கு மனம் வராது. ஒரு இசையை நேசிக்கிறதுக்கு அதைச் செய்தவனின் குற்றத்தையும் சேர்த்து நேசிக்கத் தேவையில்லை. ஆனால் குற்றத்தைத் தெரிஞ்சு வைத்திருக்க வேணும். பகிர்கிறவனுக்கு அந்தப் பொறுப்பு கூட.

சிங்கப்பூரில் ஒரு ருத்ரா

தமிழாக்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்கிறவங்களுக்கு நான் முதலில் சொல்ற பெயர் ருத்ரா. 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய குழு. பாடகரும் பேஸ் வாசிப்பவருமான கதிரேசன் அதன் முகம். 1998இல் முதல் ஆல்பம், 2001இல் 'தி ஆர்யன் குருசேட்', 2003இல் 'குருக்ஷேத்ரா', 2005 முதல் 'பிரம்மவித்யா' எண்ட பெயரில் மூன்று ஆல்பம். டெத் மெட்டலின் உடம்புக்குள் வேதாந்தத்தைப் பாடினார்கள். அந்த வகைக்கு 'வேதிக் மெட்டல்' எண்டு அவர்களே பெயர் வைத்தார்கள்.

எனக்கு ருத்ரா முக்கியமாகிறது ரெண்டு காரணத்துக்கு. ஒண்டு, மெட்டல் எண்டால் சாத்தான், எதிர்-கிறிஸ்தவம் எண்ட சூத்திரத்தை அவர்கள் அப்படியே இறக்குமதி செய்யவில்லை. ஐரோப்பியனுக்குத் தேவாலயத்தோட சண்டை. சிங்கப்பூர்த் தமிழனுக்கு அந்தச் சண்டை எதற்கு? தங்கள் வீட்டில் கேட்ட மந்திரங்களை எடுத்து, அதற்குள் இருந்த உக்கிரத்தைக் கண்டுபிடித்தார்கள்.

ரெண்டாவது, ஒரு கேள்வியையும் விட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் பாடினது பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். 'ஆர்யன்' எண்ட சொல்லை 'உயர்ந்தவர்' எண்ட சமஸ்கிருதப் பொருளில்தான் எடுத்தார்கள். ஆனாலும் அந்தச் சொல்லுக்கு ஐரோப்பாவில் ஒரு நாற்றம், தமிழ்நாட்டு அரசியலில் இன்னொரு நாற்றம். தமிழ் பேசுற ஒருத்தர் அந்த ஆல்பத்தின் பெயரை வாசிக்கும்போது கொஞ்சம் நின்றுதான் போக வேண்டியிருக்கு. உக்கிரத்தைப் பாட நம்மட மொழி போதாதா? கேரளாவின் கண்ணூரிலிருந்து வந்த தி டவுன் ட்ரொடன்ஸ் குழு 2014 ஆல்பத்தில் மலையாள நாட்டார் வரிகளைக் கொண்டு வந்தது. டெல்லியின் பிளட்டிவுட் ஹிந்தியிலும் பஞ்சாபியிலும் பாடி 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடை ஏறியது. சென்னையிலும் இந்த இசைக்குக் காது இருந்தது. 2009இல் சுவீடனின் ஓபெத் குழு ஐ.ஐ.டி. மெட்ராஸ் சாரங் விழாவில் வாசித்தது. கேட்கிற கூட்டம் இருக்கு, வாசிக்கிற கையும் இருக்கு. மொழிதான் மேடைக்குக் கீழே நிற்குது.

யுத்த காலத்துக் கொழும்பு

இலங்கையில் இந்தக் கதை யுத்தத்தின் நடுவில் நடந்தது. 1990களின் கடைசியில் கொழும்பில் தொடங்கிய ஸ்டிக்மாட்டா, பாடகர் சுரேஷ் டி சில்வாவோடு இந்த நாட்டு மெட்டலின் முதன்மைப் பெயரானது. 2003இல் 'ஹொலோ ட்ரீம்ஸ்', 2006இல் 'சைலண்ட் கேயோஸ் செர்பென்டைன்', 2010இல் 'சாம்ஸ் ஒஃப் கொன்ஷியஸ் மார்டர்டம்', 2015இல் 'தி அசெடிக் பாரடொக்ஸ்'. ஒரு குழு இத்தனை வருசம் விடாம நிற்கிறது பெரிய விசயம். கண்டியில் 2001இல் பரனொய்ட் எர்த்லிங் தொடங்கியது. அது மெட்டலை விட ரொக் பக்கம் கூட, ஆனால் இதெல்லாம் கொழும்பு ஆக்களின் விளையாட்டு எண்ட பேச்சை அது உடைத்தது.

இவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆழமான, இன்னும் முரடான ஒரு அடுக்கு வந்தது. ஃபியூனரல் இன் ஹெவன் பிளாக் மெட்டலுக்குள் உள்ளூர் மரபிசையின் நிறத்தைக் கொண்டு வந்தது. ஜெனொசைட் ஷ்ரைன்ஸ் குழுவின் 2015 ஆல்பம் 'மணிபூர'வை வெளியிட்டது பெங்களூரிலிருந்த ஒரு சிறிய நிறுவனம். அந்த ஆல்பத்தின் நீளமான தலைப்பை வாசித்துப் பாருங்க: மணிபூரம், கோவில், புராணம் எண்டு நமக்குத் தெரிஞ்ச சொற்கள் உடைஞ்சு ஒட்டிக்கிடக்கும். உள்ளூரில் சில நூறு பேர் கேட்கிற இசை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சேகரிக்கிறவங்களின் அலுமாரிக்குப் போனது.

ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேணும். இந்த மேடைகளின் பேச்சு மொழி பெரும்பாலும் ஆங்கிலம், இடம் பெரும்பாலும் கொழும்பு. புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இரவு நிகழ்ச்சி முடிஞ்சு திரும்ப பஸ் இல்லை. தமிழ் மட்டும் தெரிஞ்ச, கையில் காசு குறைந்த, வீட்டில் ஒன்பது மணிக்கு வர வேண்டிய ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு அந்த 130 கிலோமீட்டர் இன்னும் நீளம்.

பயந்தவர்களின் வரலாறு

இனி சாத்தான் கேள்வி. இதற்கும் ஒரு வரலாறு இருக்கு.

1997 ஜனவரியில் எகிப்தில் ஏறத்தாழ 100 இளைஞர்கள் சாத்தானை வணங்குகிறார்கள் எண்ட சந்தேகத்தில் கைது செய்யப்பட்டார்கள். கறுப்பு டீசேர்ட், கெசட், போஸ்டர் எல்லாம் சாட்சிப் பொருள். பிறகு விடுவிக்கப்பட்டார்கள், ஆனால் அங்கிருந்த மெட்டல் கூட்டம் வருடக்கணக்கில் வெளியே தலைகாட்டவில்லை. மலேசியாவில் 2001இல் பிளாக் மெட்டல் பீதி பரவியது, 2006இல் தேசிய ஃபத்வா சபை பிளாக் மெட்டலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் 2019 மார்ச் 7 வாட்டெய்ன் எண்ட சுவீடன் குழுவின் நிகழ்ச்சி, உள்துறை அமைச்சு கவலை தெரிவித்த பிறகு அன்றைக்கே நிறுத்தப்பட்டது.

மறுபக்கம் இந்தோனேசியாவைப் பாருங்க. உலகிலேயே அதிகமான முஸ்லிம்கள் வாழுற நாடு, ஆசியாவின் மிகப் பெரிய மெட்டல் கூட்டங்களில் ஒண்டும் அங்கேதான். 2014 முதல் 2024 வரை ஜனாதிபதியாக இருந்த ஜோக்கோ விடோடோ வெளிப்படையான மெட்டல் ரசிகர். அதே 2014இல் மேற்கு ஜாவாவின் கருட் பகுதியில் ஹிஜாப் போட்ட மூன்று பள்ளி மாணவிகள் வொய்ஸ் ஒஃப் பசெப்ரொத் எண்ட குழுவைத் தொடங்கினார்கள். சுண்டா மொழியில் 'பசெப்ரொத்' எண்டால் சளசளவெண்டு சத்தம் போடுறது. ஊரில் எதிர்ப்பு வந்தது, மிரட்டலும் வந்தது. அவர்கள் நிற்கவில்லை. 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பெரி விழாவில் வாசித்த முதல் இந்தோனேசியக் குழு அவர்கள்தான்.

சந்தோசமான கதை மட்டுமில்லை அங்கேயும். 2008 பெப்ரவரி 9 பண்டுங் நகரத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் நடந்த மெட்டல் நிகழ்ச்சியில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். தகுந்த இடம் கொடுக்காம ஒரு கூட்டத்தை மூலைக்குத் தள்ளினா என்ன நடக்கும் எண்டதுக்கும் அது ஒரு பாடம்.

ஆகவே எங்கட வீடுகளில் கேட்கிற பயம் புதுசும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை. அட்டைப் படத்தைப் பார்த்த எந்த உம்மாவும் பயப்படத்தான் செய்வா. அதற்குப் பதில் கோபம் இல்லை. எது வெறும் வேஷம், எது உண்மையிலேயே நஞ்சு எண்டு பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சிருக்க வேணும். மேலே சொன்ன வரலாறு அதுக்குத்தான் உதவும்.

எங்கட கரையின் காது

புத்தளத்தில் மெட்டல் மேடை ஒண்டும் நான் கண்டதில்லை. ஆனாலும் இந்தக் கரைக்கு இசை கைமாறுகிற விதம் தெரியாததில்லை.

உடப்புக் கரையில் கரைவலை இழுக்கிறவர்கள் அம்பா பாடுவார்கள். ஒருத்தர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் இழுவையின் தாளத்துக்குப் பதில் குரல் கொடுப்பார்கள். யாரும் எழுதி வைத்துப் படிச்ச பாட்டில்லை. தோளோடு தோள் நின்று வாங்கின பாட்டு. சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்களின் மஞ்சா பாட்டு இன்னும் வியப்பு. போர்த்துக்கேயக் கிரியோல் மொழிச் சொற்கள். ரபான், கரண்டி, போத்தல், சிரட்டை எண்டு கையில் கிடைச்சதெல்லாம் வாத்தியம். அன்றாடப் பேச்சு சிங்களத்துக்கு மாறிய பிறகும் பாட்டு மட்டும் அந்தப் பழைய மொழியில் நின்றது. அர்த்தம் முழுசா விளங்காட்டியும் பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். வரிகள் விளங்காமலே டெத் மெட்டல் கேட்கிற எங்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆக்களுக்கு இதைச் சொல்லலாம்.

இன்னொண்டும் இருக்கு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது இந்த மாவட்டத்துக்குத்தான். யாழ்ப்பாணத்து ஆக்களுக்குக் கிடைச்ச அவகாசம் ரெண்டு மணித்தியாலம். அந்தக் குடும்பங்களின் வீடுகளில் 1990க்கு முந்தின ஃபோட்டோவோ கெசட்டோ தேடினால் அநேகமாக் கிடைக்காது. ஞாபகம் மட்டும்தான் மிச்சம். ஒரு பொருள் அழிஞ்சால் அதோடு சேர்ந்து எவ்வளவு வரலாறு போகும் எண்டு எங்கட ஊரில் யாரும் புத்தகம் பார்த்துப் படிக்கத் தேவையில்லை.

எனக்கு இந்த இசை வந்தது ஒரு மெமரி சிப்பில். மாமாட மகன் கொடுத்தது. ஃபைல்களின் பெயரெல்லாம் 'ட்ராக் 01', 'ட்ராக் 02'. யார் பாடினது, எந்த நாடு, எந்த வருசம், ஒண்டும் இல்லை. அதில ஒரு பாட்டின் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வருசம் எடுத்தது. அவருக்கு யார் கொடுத்தது எண்டு கேட்டால் பாலாவியில் ஒரு ஃபோன் கடை. கடைக்காரருக்கு யார் கொடுத்தது? அதோட தடம் முடியுது.

தடம் அழியிற வேகம்

கெசட் காலத்து ஆக்கள் பட்டியல் எழுதினார்கள், கடிதம் எழுதினார்கள், கையெழுத்துச் சஞ்சிகை போட்டார்கள். அதனால் 1980களின் பெலோ ஹொரிசோன்டேயைப் பற்றி இண்டைக்கு எழுத முடியுது. 2002இல் கனடாவில் தொடங்கிய மெட்டல் ஆர்கைவ்ஸ் எண்ட கலைக்களஞ்சியத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழுக்களின் விபரம் இருக்கு. முழுக்க ரசிகர்கள் எழுதினது. மூன்று கெசட் போட்டுக் கலைஞ்ச குழுவுக்கும் அங்கே ஒரு பக்கம் உண்டு.

எங்கட தலைமுறை மறுபக்கம் நிற்குது. எல்லாம் ஃபோனில் கிடைக்குது, ஆனால் தடம் நிற்குதில்லை. 2000களில் தெற்காசியாவின் சிறிய குழுக்கள் பல தங்கள் டெமோவை ஏற்றி வைத்தது மைஸ்பேஸில். 2019 மார்ச்சில் அந்த நிறுவனம், 2003 முதல் 2015 வரை ஏற்றிய இசை சேர்வர் மாற்றும்போது தொலைஞ்சு போச்சு எண்டு ஒத்துக்கொண்டது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பாட்டுகள். யாராவது ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் பிரதி வைத்திருந்தால் உண்டு, இல்லையெண்டால் இல்லை. பிரதி எடுத்தவன்தான் ஆவணக்காப்பாளன் ஆனான்.

கலைப்பீடத்தில் மூலாதாரம் எண்ட சொல்லை அடிக்கடி கேட்கிறோம். மூலாதாரம் எண்டால் ஓலைச்சுவடியும் ஒல்லாந்தர் காலத்துப் பத்திரமும் மட்டும் எண்டு ஒரு நினைப்பு. உங்கட அலுமாரியில் கிடக்கிற 2006ஆம் ஆண்டு சீடியும், அதன் உறையில் பேனையால எழுதின பெயரும் மூலாதாரம்தான். உடப்பில் ஒருத்தர் ஃபோனில் பிடிச்ச அம்பா பாட்டும் அதே மாதிரித்தான்.

கேட்கத் தொடங்க விரும்புறவங்களுக்கு ஒரு வழி: முதலில் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம், பிறகு டெத், பிறகு சர்கோஃபாகோ, பிறகு ருத்ராவின் 'பிரம்மவித்யா', பிறகு ஸ்டிக்மாட்டா. இந்த வரிசையில் கேட்டால் ஒரு சத்தம் எப்படி ஊர் மாறி மாறி வந்தது எண்டு காதாலேயே விளங்கும். பிடிச்சால் இன்னொருத்தருக்கு அனுப்புங்க. அனுப்பும்போது லிங்க் மட்டும் தட்டி விடாம, குழுவின் பெயர், ஊர், வருசம், உங்களுக்கு இதை யார் தந்தது எண்ட நாலு விசயத்தை ரெண்டு வரியில் சேர்த்து எழுதுங்க. சிப்பில் கொடுத்தால் ஃபைலுக்குச் சரியான பெயர் வைத்துக் கொடுங்க. உங்கட ஊரில் பழைய கெசட், சீடி, நிகழ்ச்சி டிக்கட் யாரிடமாவது இருந்தால், எறிய முதல் ஒரு ஃபோட்டோ எடுத்து எங்களுக்கும் ஒண்டு அனுப்புங்க.